கோட்டோவியத்துக்குக் கணினியில் வண்ணம்: அச்சுக்கும் திரைக்கும் ஒரே கோப்பிலிருந்து

மையில் வரைந்த ஒரு படம் கையில் இருக்கிறது. பூக்காரம்மா ஒருவர் கோயில் மதிலோரம் உட்கார்ந்திருக்கிறார். மயில்கழுத்து நிறச் சேலை, கூடை நிறையச் சாமந்தி. இதற்குக் கணினியில் வண்ணம் ஏற்றி இதழ் அட்டைக்கு அனுப்ப வேண்டும், இன்ஸ்டாகிராமிலும் போட வேண்டும். திரையில் பளிச்சென்று இருந்த சேலை அட்டையில் கத்தரிப்பூ நிறமாகிவிடுவதும், கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்குவதும், மொத்தப் படமும் ஒரு பிடி இருட்டாக வருவதும் அடிக்கடி நடப்பவைதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அச்சகம் காரணம் இல்லை. கோப்பைக் கட்டிய விதத்திலேயே கோளாறு இருக்கிறது. கோட்டையும் வண்ணத்தையும் முதலிலிருந்தே பிரித்து வைத்து, கடைசிவரை சேரவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை விட்டது.

கீழே சொல்பவை ஃபோட்டோஷாப், கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ, கிம்ப் நான்குக்கும் பொருந்தும். மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் இடங்களை மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

அளவும் ஸ்கேனும்

படம் எந்தத் தாளில், எந்த அளவில் அச்சாகப் போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பரா, பூச்சில்லாத மேப்லித்தோவா, செய்தித்தாளுக்கான நியூஸ்பிரிண்டா? சாமந்தியின் மஞ்சளை முடிவு செய்வதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும். ஏ4 அட்டை என்றால் வெட்டுக்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடவேண்டும். அதாவது 216 × 303 மில்லிமீட்டர். இதுவே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) 5102 × 7157 பிக்சல். முகம், கை, எழுத்து போன்ற முக்கியமானவை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். கட்டிங் மெஷின் கொஞ்சம் நகர்ந்தாலும் பூக்காரம்மாவின் விரல் போய்விடக் கூடாது.

வண்ணத்துக்கு 300 டிபிஐ போதும். ஆர்ட் பேப்பரில் வழக்கமான ஸ்க்ரீன், அதாவது அச்சுப் புள்ளிகளின் வரிசை, அங்குலத்துக்கு 150 வரி. அதன் இரு மடங்குக்கு மேல் வண்ணத்துக்குத் தேவைப்படாது. ஆனால் கோடு அப்படி இல்லை. 300 டிபிஐயில் மெல்லிய கோடு படிக்கட்டாகத் தெரியும். அதனால் மொத்தக் கோப்பையுமே 600இல் வைத்துக்கொள்வதுதான் எளிது. இந்த அளவில் முழுதாக நிரம்பிய ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) சுமார் 146 எம்பி நினைவகம் எடுக்கும். 8 ஜிபி கணினி இருபது லேயருக்குள் திணறத் தொடங்கினால் 400 டிபிஐக்கு இறங்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள்.

ஸ்கேனை கிரேஸ்கேலில், 600 டிபிஐயில் எடுங்கள். ஸ்கேனரோடு வரும் தானியங்கி ‘மேம்படுத்தல்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். கைபேசியில் படமெடுத்தால் ஓரங்களில் கோடு வளையும், ஒரு மூலை இருட்டாகும். அவசரத்துக்கு வேண்டுமானால் பரவாயில்லை, அட்டைக்கு வேண்டாம்.

அடுத்தது லெவல்ஸ், அதாவது எது முழு வெள்ளை, எது முழுக் கறுப்பு என்று வைக்கும் கருவி. வெள்ளைச் சுட்டியை 225 முதல் 235 வரை உள்ளே நகர்த்துங்கள். தாளின் மங்கலும் பென்சில் தடமும் மறையும். கறுப்புச் சுட்டியை 40, 50 வரை ஏற்றினால் மை திடமாகும். இரண்டையும் நெருக்கிக் கொண்டுவராதீர்கள். கோட்டு ஓரத்தில் உள்ள மென்சாம்பல் போய்விட்டால் கோடு அரத்தால் அராவியது போலாகிவிடும். பிறகு 200 சதவீதப் பெரிதாக்கலில் படம் முழுக்க ஒருமுறை சுற்றி வந்து தூசியையும் முடியையும் அழியுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் வண்ணம் நிரப்பும்போது ஒவ்வொரு தூசியும் ஒரு வெள்ளை ஓட்டையாக நிற்கும்.

கோட்டைத் தனியாகப் பிரித்தல்

கோட்டு லேயரை அப்படியே மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து, கருமை மட்டும் கீழே உள்ள நிறத்தோடு சேரும் கலப்பு முறை) போட்டு அடியில் வண்ணம் பூசுவது பலருடைய பழக்கம். வேலை நடக்கும். ஆனால் பின்னால் கோட்டுக்கு நிறம் கொடுக்கவோ, அச்சுக்காகக் கறுப்பை மட்டும் தனியே எடுக்கவோ வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளையை நீக்கி, ஊடுருவும் பின்னணியில் கோடு மட்டும் நிற்கும்படி செய்துவிடுவது நல்லது.

கிரிட்டாவிலும் கிம்பிலும் ‘கலர் டு ஆல்ஃபா’ வடிகட்டியில் வெள்ளையைத் தேர்ந்தால் முடிந்தது. கிளிப் ஸ்டுடியோவில் எடிட் பட்டியலில் ‘பிரகாசத்தை ஒளிபுகாமையாக மாற்று’ என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு. ஃபோட்டோஷாப்பில் ஒரே சொடுக்கில் வராது. சேனல்ஸ் பலகையில் மேலே உள்ள கூட்டுச் சேனலின் சிறுபடத்தை கண்ட்ரோல் அழுத்தியபடி சொடுக்குங்கள்; வெளிச்சமான பகுதி தேர்வாகும். தேர்வைத் தலைகீழாக்கி, புதிய லேயர் திறந்து கறுப்பை நிரப்புங்கள். அந்தத் தேர்வை அப்படியே ஓர் ஆல்ஃபா சேனலாகவும் (தேர்வைக் கோப்போடு வைத்திருக்கும் தனிச் சேனல்) சேமித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அச்சுக்குப் போகும்போது இதுதான் கைகொடுக்கும்.

கோட்டு லேயரைப் பூட்டி வைத்துவிடுங்கள். தெரியாமல் அதன்மேல் தீட்டிய ஒரு தூரிகைத் தடம் அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் படும்.

தட்டை வண்ணம்

நிழலும் ஒளியும் இல்லாமல், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நிறம் நிரப்பும் கட்டம் இது. சலிப்பான வேலைதான். ஆனால் மீதி எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது, அவசரப்பட வேண்டாம்.

இங்கே ஒரே விதி: ஓரம் மழமழவென்று இருக்கக் கூடாது. ஓரத்தை இடைநிறங்களால் மழுப்பும் ஆன்டி-ஏலியாஸை அணைத்துவிடுங்கள். தூரிகைக்குப் பதில் பென்சில் கருவி, சுற்றி வளைத்துத் தேரும் லாசோவிலும் நிறம் நிரப்பும் வாளியிலும் ஆன்டி-ஏலியாஸ் இல்லாமல். காரணம் உண்டு. ஓரம் மழுங்கினால் சேலைக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டும் கலந்த இடைநிறப் பிக்சல்கள் ஒரு வரிசை உண்டாகும். பிறகு ஒரே நிறப் பகுதியைத் தேரும் மேஜிக் வாண்டால் சேலையைத் தேர்ந்து நிறம் மாற்றும்போது அந்த வரிசை மட்டும் பழைய நிறத்திலேயே நின்று, சேலையைச் சுற்றி நூல்போல ஒளிவட்டம் கட்டும். ஓரம் கூர்மையாக இருந்தால் டாலரன்ஸை (எவ்வளவு நிற வேறுபாடு வரை தேர வேண்டும் என்ற அளவை) 0 வைத்து ஒரு சொடுக்கில் சேலை முழுவதும் சுத்தமாகத் தேர்வாகும். படிக்கட்டு தெரியுமே என்று கவலை வேண்டாம், அது கோட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

ஒளிந்திருக்க வேண்டுமானால் வண்ணம் கோட்டின் நடுவரை உள்ளே போக வேண்டும். 600 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 24 பிக்சல். அரை மில்லிமீட்டர் கோடு 12 பிக்சல் அகலம். வாளியால் நிரப்பும்போது தேர்வை 4 முதல் 6 பிக்சல் விரிவாக்கச் சொல்லுங்கள். கிளிப் ஸ்டுடியோவில் இது ‘ஏரியா ஸ்கேலிங்’, கிரிட்டாவில் ‘க்ரோ’. இதைச் செய்யாவிட்டால் கோட்டை ஒட்டி மெல்லிய வெள்ளை இழை நிற்கும். திரையில் முழுப் படமாகப் பார்க்கும்போது தெரியாது, அட்டையில் நன்றாகத் தெரியும்.

கோட்டில் இடைவெளி இருந்தால் வண்ணம் வழிந்து பக்கத்துப் பகுதிக்குப் போகும். கிளிப் ஸ்டுடியோவில் ‘க்ளோஸ் கேப்’ என்ற வசதி சின்ன இடைவெளிகளைத் தானே அடைக்கும். கிரிட்டாவில் கலரைஸ் மாஸ்க் அருமையான கருவி: சேலைமேல் ஒரு நீலக் கீறல், முகத்தில் ஒரு பழுப்புக் கீறல், கூடையில் ஒரு மஞ்சள் கீறல் போட்டால் எல்லையை அதுவே கண்டுபிடித்து நிரப்பும். நெருக்கமான பூவிதழ்களில் மட்டும் தடுமாறும், அதைக் கையால் சரிசெய்ய வேண்டியதுதான். மை அடர்ந்த தூரிகைக் கோடுகள் உள்ள படத்தில் வாளியைவிட லாசோ வேகமானது. பகுதியைச் சுற்றி வளைத்து நிரப்பிக்கொண்டே போகலாம்.

தட்டை வண்ணம் முழுவதும் ஒரே லேயரில் இருக்கட்டும், அதையும் பூட்டுங்கள். இனி அதைப் படமாக நினைக்காதீர்கள். எந்தப் பகுதியையும் நொடியில் தேர்ந்தெடுக்க உதவும் வரைபடம் அது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பகுதிகளுக்கு நிறம் ஒன்றே என்றாலும் ஒன்றுக்கு ஓர் எண்ணாவது மாற்றி வையுங்கள். பூக்காரம்மாவின் கையும் முகமும் தனித்தனியே தேர்வாக வேண்டும்.

அச்சில் நிற்கும் நிறங்களைத் தேர்தல்

வேலை முழுவதையும் ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) செய்யுங்கள், எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் (நிற எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் கோப்பு). சிஎம்ஒய்கேயில் (அச்சின் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகள்) வரைந்துவிட்டுத் திரைக்கு மாற்றினால் இழந்த பிரகாசம் திரும்பி வராது. ஆனால் வரையும்போதே அச்சு எப்படி வரும் என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஃபோட்டோஷாப்பிலும் கிரிட்டாவிலும் கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் அச்சு முன்னோட்டம் வரும். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால் அச்சு மைக்கு எட்டாத நிறங்கள் தனியே அடையாளம் காட்டப்படும். முன்னோட்டத்துக்கு எந்த ப்ரொஃபைல் என்பதை அச்சகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39, மேப்லித்தோவுக்கு ஃபோக்ரா47, நியூஸ்பிரிண்டுக்கு ஐஎஸ்ஓ நியூஸ்பேப்பர்26 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிப் பெயரில் உள்ள 26 சும்மா இல்லை. நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சிப் புள்ளி பெருத்துப்போவதை அது குறிக்கிறது. 50 சதவீதமாக வைத்த புள்ளி தாளில் 76 போலத் தெரியும்.

திரையின் தூய நீலம் அச்சில் கிடைக்கவே கிடைக்காது. அது சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சரிசமமாகக் கலந்து கத்தரிப்பூ நிறமாகிவிடும். நீலம் நீலமாகவே வர வேண்டுமானால் மெஜந்தா சயானைவிடக் குறைந்தது 30 கீழே இருக்க வேண்டும் (இங்கே சொல்லும் மை எண்கள் எல்லாம் சதவீதம்). மயில்கழுத்துச் சேலைக்கு சயான் 100, மெஜந்தா 45, மஞ்சள் 20, கருப்பு 10 என்று தொடங்கலாம். கிளிப்பச்சையும் அடிவாங்கும் நிறம்தான்: சயான் 60, மஞ்சள் 100, மெஜந்தா 0. இதற்குமேல் துள்ளலாக வேண்டும் என்று கேட்டால் நான்கு மைக்கு வெளியே தனி மை ஒன்று போட வேண்டும், செலவு கூடும். வாடாமல்லி தப்பித்துவிடும், மெஜந்தா மையே ஏறத்தாழ அந்த நிறம். மெஜந்தா 100, சயான் 25. அரக்குக்கு சயான் 20, மெஜந்தா 100, மஞ்சள் 80, கருப்பு 30.

சாமந்தியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மஞ்சளின் நிழலுக்குக் கறுப்போ சாம்பலோ சேர்த்தால் அச்சில் பாசிப் பச்சையாகும். பூ அழுகியது மாதிரி இருக்கும். மஞ்சள் 100, மெஜந்தா 20 என்ற பூவுக்கு நிழலை மெஜந்தாவை ஏற்றிக் கொண்டுவாருங்கள்: மஞ்சள் 100, மெஜந்தா 55, சயான் 10. செம்மஞ்சளுக்குச் சாயும் நிழல் பூவின் இயல்பான ஆழத்தையே காட்டும்.

தோலுக்கு இரண்டு கணக்குகள் போதும். மஞ்சள் மெஜந்தாவைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். சயான், மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குமேல் கொஞ்சம் வரை. மாநிறத்துக்கு சயான் 20, மெஜந்தா 45, மஞ்சள் 55. கருத்த மேனிக்கு சயான் 35, மெஜந்தா 65, மஞ்சள் 75, கருப்பு 25. மெஜந்தா மஞ்சளைத் தாண்டினால் வெயிலில் வெந்த சிவப்பு வரும். சயான் கூடினால் முகம் சாம்பல் பூத்துவிடும். கருத்த மேனி என்றதும் கருப்பு மையை அள்ளி ஊற்றுவது பெருந்தவறு. அச்சில் மூக்கும் கன்னமும் ஒன்றாகி முகமே தட்டையாகிவிடும். நிழலைச் செம்பழுப்பால் கட்டுங்கள், மிகக் கருத்த மடிப்புகளுக்கு மட்டும் கருப்பு மை.

நிழலும் ஒளியும்

தட்டை வண்ணத்துக்கு மேலே ஒரு லேயர், அதை மல்டிப்ளையில் வைத்துக் கீழே உள்ளதோடு கிளிப் செய்யுங்கள், அதன் எல்லையைத் தாண்டாது. இதில் சாம்பலால் நிழல் போட்டால் படம் முழுக்கப் புழுதி படிந்த மாதிரி ஆகும். வெளிச்சம் எங்கிருந்து, எந்த நிறத்தில் வருகிறது என்று முடிவு செய்யுங்கள். உச்சி வெயில் என்றால் ஒளி இளமஞ்சள், நிழல் நீலம் கலந்த ஊதா. குத்துவிளக்கு வெளிச்சம் என்றால் ஒளி செம்மஞ்சள், நிழல் செம்பழுப்பு. படம் முழுவதற்கும் ஒரே நிழல் நிறம் பிடித்துக்கொண்டு தொடங்கினால் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது போலச் சேரும். பிறகு தோலுக்கு மட்டும் அதைச் சிவப்பின் பக்கம் திருப்புங்கள்.

பூக்காரம்மாவின் தோளில் சேலை மடிப்பை எடுத்துக்கொள்வோம். தட்டை லேயரில் சேலையை மேஜிக் வாண்டால் தேர்ந்து, நிழல் லேயருக்கு வாருங்கள். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் மடிப்பின் ஒரு பக்கம் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், அங்கேதான் துணி திரும்புகிறது. மறுபக்கம் மெல்லக் கரைய வேண்டும். லாசோவால் மடிப்பைத் தேர்ந்து நிழல் நிரப்பி, மென்மையான அழிப்பானால் ஒரு பக்கத்தை மட்டும் கரைத்தால் இரண்டும் வந்துவிடும். இரு பக்கமும் கரைந்தால் சேலை ரப்பர் குழாய்போல் உருளும். கணினி வண்ணத்தில் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான். மடிப்பின் அடியாழத்தில், மதிலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்காகக் காவியை ஒரு சிட்டிகை தீட்டினால் பட்டின் மினுமினுப்பு வரும்.

ஒளிக்கு ஸ்க்ரீன் அல்லது ஓவர்லே என்ற கலப்பு முறையில் ஒரு லேயர். கலர் டாட்ஜ் திரையில் கண்ணைப் பறிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது நிறத்தைத் தள்ளித் தள்ளி வெறும் வெள்ளைக்கே கொண்டுபோகும். அச்சில் வெள்ளை என்றால் தாள்தான், மை இல்லாத இடம். 3 சதவீதத்துக்குக் கீழே உள்ள புள்ளிகள் தாளில் பிடிக்காமல் போகலாம். அதனால் ஒளி மெல்ல வெள்ளைக்குக் கரையும் இடத்தில் திடீரென்று ஒரு விளிம்பு தெரியும், நெற்றியில் வழுக்கை விழுந்த மாதிரி. முகத்தின் உச்ச ஒளியில்கூட மஞ்சள் 5, மெஜந்தா 3 இருக்கட்டும். மூக்குத்தியின் ஒளிப்புள்ளியில் மட்டும் தாள் தெரியலாம்.

அவ்வப்போது எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை ‘கலர்’ கலப்பு முறையில் வைத்துப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாகும். அப்போது பூக்காரம்மா மதிலிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். பிரியாவிட்டால் நிறத்தை மாற்றிப் பயனில்லை, வெளிச்ச அளவை மாற்ற வேண்டும். நியூஸ்பிரிண்டில் நிற வேறுபாடு பாதி போய்விடும், வெளிச்ச வேறுபாடுதான் மிஞ்சும்.

வானம் மாதிரி பெரிய பரப்பில் ஒரு நிறம் இன்னொன்றுக்கு மெல்ல மாறும்போது பட்டை பட்டையாகத் தெரிந்தால் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (மணல்போன்ற நுண்புள்ளிகள்) சேருங்கள். வரையத் தொடங்கும்போதே 16 பிட்டில் வைத்திருந்தால் இது வராமலே போகலாம்.

கோட்டுக்கு நிறம் கொடுப்பது தனி அழகு. கோட்டு லேயரின் ஊடுருவலைப் பூட்டிவிட்டு, முகத்தின் உள்கோடுகளை அடர் பழுப்பாக்கினால் முகம் மென்மையாகும். திரைக்கு தாராளமாகச் செய்யலாம். அச்சில் மெல்லிய நிறக்கோட்டை மூன்று நான்கு மைகளில் கட்டாதீர்கள். ஒவ்வொரு மைக்கும் தனியாக உள்ள அச்சுத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மிகச் சரியாக உட்காராவிட்டால் கோடு இரண்டாகத் தெரியும். இரண்டு மைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு மாற்றுதல்

மொத்த வேலையும் வெற்றி பெறுவதோ வீணாவதோ இங்கேதான். ஆர்ஜிபியில் உள்ள கறுப்பை, அதாவது மூன்று எண்களும் 0 ஆக உள்ளதை, அப்படியே மாற்றினால் கருப்பு மை மட்டும் வராது. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க ஸ்வாப் ப்ரொஃபைலில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 ஆகிறது. கூட்டினால் 300. ஒவ்வொரு மெல்லிய கோடும் நான்கு தகடுகளில் ஏறும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ரெஜிஸ்டர் (தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும் நிலை) விலகினாலே கோட்டைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் பிதுங்கும். கோடு கருப்பு மையில் மட்டும், வண்ணத்தின் மேலேயே அச்சாக வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் இப்படிச் செய்யலாம். கோப்பைப் பிரதியெடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். கோட்டு லேயரை மறைத்து, வண்ண லேயர்களை ஒன்றாக்குங்கள். ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ மூலம் அச்சகம் சொன்ன ப்ரொஃபைலுக்கு மாற்றுங்கள். முன்பு சேமித்த ஆல்ஃபா சேனலைத் தேர்வாக ஏற்றி, புதிய லேயரில் சயான் 0, மெஜந்தா 0, மஞ்சள் 0, கருப்பு 100 நிரப்புங்கள். அந்த லேயரை மல்டிப்ளையில் வையுங்கள். இப்போது கோட்டுக்கு அடியில் சேலையின் நீலம் அப்படியே தொடர்ந்து ஓடும், மேலே கருப்பு மை உட்காரும். தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை இடைவெளி தெரியாது. சேனல்ஸ் பலகையில் கருப்பை மட்டும் திறந்து பாருங்கள், கோடு முழுசாக அங்கே இருக்க வேண்டும். சயான் சேனலில் கோட்டின் உருவம் தெரிந்தால் எங்கோ தவறியிருக்கிறது.

கிரிட்டாவிலும் சிஎம்ஒய்கே உண்டு, இதே வரிசையில் செய்யலாம். கிளிப் ஸ்டுடியோ ஆர்ஜிபியில் வேலை செய்து, ஏற்றுமதியின்போதுதான் சிஎம்ஒய்கே ஆக்கும். கிம்ப் 3.0இலும் ஏற்றுமதியில்தான் சிஎம்ஒய்கே. இவ்விரண்டிலும் வண்ணத்தையும் கோட்டையும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்து, லேஅவுட் செய்பவரிடம் கோட்டைக் கருப்பு மையில் மல்டிப்ளையாக அடுக்கச் சொல்வதே நல்லது.

பெரிய கறுப்புப் பரப்பு வேறு கதை. பூக்காரம்மாவின் கூந்தல் மையால் முழுக்க அடைத்தது, அதன் அடியில் பாதி மதிலின் காவி, பாதி சேலையின் நீலம் என்று வைத்துக்கொள்வோம். கருப்பு மை முழுக்க மறைப்பதில்லை. கூந்தலுக்கு நடுவே காவியும் நீலமும் சந்திக்கும் எல்லை பேய்போலத் தெரியும். அதனால் அடைத்த கறுப்பின் அடியில் வண்ண லேயரில் ஒரே சீராக சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 வையுங்கள். மேலே கருப்பு 100 வந்ததும் கூட்டு 240, ஆழமான கறுப்பு கிடைக்கும். அந்த அடிநிறம் கூந்தலின் விளிம்பிலிருந்து 4, 5 பிக்சல் உள்ளேயே நிற்கட்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. நியூஸ்பிரிண்டில் சயான் 40 மட்டும் போதும்.

மொத்த மை அளவையும் பாருங்கள். ஃபோட்டோஷாப்பின் இன்ஃபோ பலகையில் ‘டோட்டல் இங்க்’ என்று வைத்துச் சுட்டியை இருட்டான இடங்களில் ஓட்டலாம். ஆர்ட் பேப்பருக்கு 300, நியூஸ்பிரிண்டுக்கு 240 தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் மேலே அடுக்கிய தாளின் முதுகில் ஒட்டும். ப்ரொஃபைல் மாற்றம் வண்ணத்தை அந்த ப்ரொஃபைலுக்கான எல்லைக்குள் வைத்துவிடும், அது 300க்குச் சற்று மேலாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் அதன்மேல் 100 கருப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆழ்ந்த நிழலில் கோடு போகும் இடங்களில் அடிவண்ணத்தைக் கொஞ்சம் இளக்குங்கள்.

‘அச்சில் இருட்டாக வரும், அதனால் முன்கூட்டியே வெளுத்துக்கொடு’ என்று ஒரு அறிவுரை சுற்றுகிறது. சரியான ப்ரொஃபைலுக்கு மாற்றினால் புள்ளி பெருப்பதற்கான கணக்கு அதிலேயே அடங்கியிருக்கும். அதற்குமேல் நீங்களும் வெளுத்தால் படம் நரைத்துவிடும். இருட்டாக வருவதன் உண்மையான காரணம் பெரும்பாலும் உங்கள் திரை முழுப் பிரகாசத்தில் எரிவதுதான். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நல்ல வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதே அளவுக்கு வரும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிட்டு நிறம் பாருங்கள்.

எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பிக்சலாக்காதீர்கள். அது லேஅவுட்டில் வெக்டராக, கருப்பு 100 மட்டும் கொண்டு வரட்டும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சிறிய அளவு வேண்டாம். ழகரத்தின் வாலும் ணகரத்தின் சுழியும் மை நிரம்பி அடைத்துக்கொள்ளும்.

டிஃப் கோப்பாக, ப்ரொஃபைலை உட்பொதித்து அனுப்புங்கள். இழப்பில்லாத எல்இசட்டபிள்யூ சுருக்கம் வைக்கலாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையேல் டிரைவ் இணைப்பு கொடுங்கள்.

திரைக்கு

மூல ஆர்ஜிபி கோப்புக்குத் திரும்புங்கள், அச்சுக்குப் போனதைத் தொடாதீர்கள். சிஎம்ஒய்கே ஜேபெக் சில உலாவிகளிலும் செயலிகளிலும் கன்னாபின்னா நிறத்தில் திறக்கும். எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் உட்பொதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அகன்ற நிறவீச்சுள்ள திரைகளில் தோல் செக்கச்செவேலென்று ஆகலாம். டிபிஐ எண் இங்கே எதற்கும் உதவாது, பிக்சல்தான் கணக்கு. இன்ஸ்டாகிராமின் நிமிர்ந்த 4:5 வடிவத்துக்கு 1080 × 1350. வெட்டுக்காக விட்ட 3 மில்லிமீட்டரை முதலில் நறுக்கிவிடுங்கள்.

7000 பிக்சல் படத்தை 1350க்குக் குறைக்கும்போது 0.3 மில்லிமீட்டர் கோடு 7 பிக்சலிலிருந்து ஒன்றரைக்கும் கீழே வந்து சாம்பலாகும். குறைப்பதற்கு முன் கோட்டு லேயரை ஒரு பிரதி எடுத்து, 40 முதல் 50 சதவீத ஒளிபுகாமையில் மேலே வையுங்கள். குறைத்த பிறகு லேசாக ஷார்ப்பன், கோட்டைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரியத் தொடங்கும் முன் நிறுத்துங்கள்.

தட்டை வண்ணம் அதிகமுள்ள படத்துக்கு பிஎன்ஜி. நிழலும் மெல்லிய மாற்றங்களும் நிறைந்ததற்கு ஜேபெக், தரம் 85 அளவில். அதில் ‘சப்சாம்ப்ளிங்’ என்ற தெரிவை 4:4:4 வையுங்கள். 4:2:0 இருந்தால் நிறத் தகவல் பாதி அகலத்துக்கும் பாதி உயரத்துக்கும் சுருங்கும். கறுப்புக் கோட்டை ஒட்டிய குங்குமப் பொட்டும் அரக்கு பார்டரும் கலங்கி வழிவது அதனால்தான். இழப்புள்ள வெப்பி எப்போதுமே 4:2:0. கோட்டோவியத்துக்கு இழப்பில்லாத வெப்பி நல்லது. பின்னணி இல்லாத பிஎன்ஜி போடுகிறீர்கள் என்றால் ஒன்றைச் சரிபாருங்கள்: கைபேசி இருட்டுப் பின்னணியில் இருந்தால் கறுப்புக் கோடு காணாமல் போகும். கோட்டுக்கு வெளியே நாலைந்து பிக்சல் வெள்ளைப் பட்டை கட்டிவிடுங்கள்.

ப்ரூஃப் வந்ததும்

டிஜிட்டல் பிரிண்டரில் எடுத்த ப்ரூஃப் (மாதிரி அச்சு) எழுத்துப் பிழைக்கும் வெட்டுக்கும் உதவும், நிறத்துக்கு அதை முழுக்க நம்ப முடியாது. முடிந்தால் ஆஃப்செட்டில் ஓடும் முதல் தாள்களை நேரில் பாருங்கள், டியூப்லைட்டுக்கு அடியில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில். படம் முழுக்கச் சிவப்பு தட்டினால் மெஜந்தா மை அதிகம் ஓடுகிறது, மெஷின்காரர் அங்கேயே குறைத்துவிடுவார். கோட்டைச் சுற்றி நிறம் பிதுங்கினால் ஓரத்தில் உள்ள ரெஜிஸ்டர் குறிகளைப் பாருங்கள். அவை விலகியிருந்தால் மெஷினில் சரியாகும். அவை சரியாக உட்கார்ந்தும் கோடு பிதுங்கினால் கோடு நான்கு மையில் போயிருக்கிறது என்று அர்த்தம். சேலை மட்டும் கத்தரிப்பூ நிறமாகி மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் மெஷினில் கைவைக்க வழியில்லை. மெஜந்தாவைக் குறைத்தால் முகமும் வெளுத்துவிடும். கோப்பைத் திருத்தி, தகட்டை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை வேலை கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது.